இடஞ்சுழி

நீ ஏறியிருப்பது இடஞ்சுழிப் பேருந்து.
ரரோடொங்காவைச் சுற்றி ஒரே சாலை, முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
வலஞ்சுழிக்கு இன்னொன்று ஓடுகிறது.
எதில் ஏறினாலும் போய்ச் சேர்ந்துவிடுவாய்,
ஒன்றில் சீக்கிரம்,
மற்றதில் கொஞ்சம் ஊர் பார்த்து.

கடல் வேண்டுமானால் வலப்பக்கம், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்.
மலை வேண்டுமானால் இடப்பக்கம்.
இரண்டும் வேண்டும் என்பவர்கள்
கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

நிறுத்தம் எங்கே என்று தேடாதே.
கையை நீட்டு, நிற்பேன்.
பீர் புட்டியோடு நீட்டினால் மட்டும்
கண் தெரியாது எனக்கு.

எங்கள் இரண்டு டாலர் காசுக்கு மூன்று மூலை.
விமானம் ஏறுமுன் செலவழித்துவிடு.
உங்கள் ஊர் வங்கியில் அதைப்
பிள்ளைகளின் விளையாட்டுக் காசு என்பார்கள்.

சேவல் விடியலில் கூவும் என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான்.
இங்கே அது இரவு ஒரு மணிக்கே தொடங்கும்.
காதுக்குப் பஞ்சு கொண்டு வந்தாயா?

தென்னையடியில் துண்டு விரிக்காதே.
நிழல் இலவசம்தான்,
காய் விழுந்தால் மண்டைக்கு யார் பொறுப்பு?

வீட்டு வாசல்களில் கல்லறைகள் பார்ப்பாய்,
சிலவற்றுக்குத் தகரக் கூரைகூட உண்டு.
சாய்ந்து நின்று படம் எடுக்காதே.
படுத்திருப்பவர் அந்த வீட்டு மனிதர்.
கூடத்திலிருந்து முற்றத்துக்கு இடம் மாறியிருக்கிறார்,
அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்னை எதிர்பார்க்காதே.
தோளை மூடிக்கொண்டு தேவாலயத்துக்கு வா.
பாட்டு தெரியாவிட்டால் வாயையாவது அசை,
முடிந்ததும் தேநீரும் வாழைப்பழ ரொட்டியும் தருவார்கள்.
இரண்டாம் துண்டை வேண்டாம் என்றால்
மிமோவுக்குக் கோபம் வரும்.

வெறுங்காலோடு தண்ணீரில் இறங்காதே.
கல்லைப் போலவே கிடக்கும் மீன் ஒன்று உண்டு.
அதை மிதித்த ஆறடி ஆள் ஒருவனை
இதே பேருந்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.
வழியெல்லாம் அம்மா அம்மா என்றான்,
எந்த மொழி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இனி சொல்வதைப் போனை வைத்துவிட்டுக் கேள்.

பவளத்திட்டு இந்தத் தீவுக்கு வேலி.
வேலியில் சில இடங்களில் வாசல் திறந்திருக்கும்.
உள்ளே வந்த அலையெல்லாம்
அந்த வழியாகத்தான் வெளியே போகும்.
மேலே பார்த்தால் கண்ணாடி.
ஆமை எங்கே பார்க்கலாம் என்று ஒருவன் கேட்டான்.
அதோ அங்கே, நிறையத் தெரியும் என்று
நானே இறக்கிவிட்டேன்.
ஆமையைச் சொன்னேன்.
வாசலைச் சொல்லவில்லை.
பின்னால் நாலு பேர் அவசரப்பட்டார்கள்.

வலஞ்சுழியை ஓட்டுவது தெபாயேரு.
ஒருகாலத்தில் எனக்கு மனைவி,
இப்போது எதிரே வரும் பேருந்து.
ஒரு சுற்றில் இரண்டு முறை கடந்துபோவோம்.
ஏழு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனாள்.
அன்று கடைசி நடையில்
பேருந்தைக் குறுக்கே நிறுத்தினாள்.
"மணலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கிறது, நாமெதுவா.
உன் ஆள் திரும்ப ஏறினானா?"

செருப்பு இதோ, என் இருக்கைக்கு அடியில்.
யாரும் கேட்டு வரவில்லை.

அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.
அந்த இடத்தில் நான் இறக்கிய தலைகளை
ஸ்டியரிங்கிலிருந்து விரல் தூக்கிக் காட்டுவேன்.
அவள் ஏற்றியதை அவள் காட்டுவாள்.
எண்கள் பொருந்தும்வரை
இருவருக்கும் சாப்பாடு இறங்காது.
வேறு பேச்சு கிடையாது.

"கியா ஓரானா" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.
வணக்கம் என்று நினைக்காதே,
உயிரோடு இரு என்று பொருள்.
விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

நீ எங்கே இறங்க வேண்டும்?
அங்கேயா?
சரி. இடுப்பளவுக்கு மேல் போகாதே.
திரும்பும்போது எதில் ஏறினாலும் சரி,
ஏறு.

இதோ வளைவு. அவள் வருகிறாள்.
ஒரு நொடி உனக்குக் கடல் மறையும்,
பொறுத்துக்கொள்.
நான் ஒரு விரல் தூக்க வேண்டும்.