வாகன உரிமையாளர் அவர்களுக்கு

"வாகன உரிமையாளர் அவர்களுக்கு" என்று
தொடங்கியிருந்தது கடிதம்.
ஆறு வருஷமாக நாங்கள் உரிமையாளர் இல்லை.
ஓல்ம்ஃபீல்ட் டவுன்ஷிப், மினசோட்டா.
எழுத்தர்: லோயிஸ் டிரெக்ஸ்லர்,
வாரம் பன்னிரண்டு மணி நேரம்,
சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
அலுவலக ஹீட்டர் இருமிக்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றாமலே படித்தேன்.

பம்பில் அழுத்தம் தணிக்கும் வால்வு.
வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங், சுண்டுவிரல் நீளம்.
அது துருவேறிச் சிக்கிக்கொள்ளக்கூடும்.
அப்படிச் சிக்கினால்,
இரண்டு குழாய் ஓடும்போது ஒன்றை மூட,
மூடிய தண்ணீரின் மூர்க்கமெல்லாம்
மற்றதில் பாயக்கூடும்.
குழாயைப் பிடித்திருப்பவர்
கட்டுப்பாட்டை இழக்க நேரலாம்.

கூடும். நேரலாம். வாய்ப்புண்டு.
இரண்டு காலையும் தரையில் ஊன்றிய
ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை.

ஆகவே திரும்ப அழைக்கிறோம், என்று முடித்திருந்தார்கள்.
வேலி தாண்டிய கன்றா அது,
வாசலில் நின்று குரல் கொடுக்க?

புது வண்டி வந்ததும் பழையதைத் தானமாகக் கொடுத்தோம்.
கப்பலேறி, ஆற்றுப் படகேறி
பராகுவேயில் ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.
புகைப்படம் அனுப்பினார்கள்:
கூரைமேல் ஒன்பது பிள்ளைகள்,
கதவில் எங்கள் ஊர்ப் பெயருக்கு மேல் பெயிண்ட் அடித்தும்
"ஓல்ம்" மட்டும் மறையாமல்.
பம்பின் கையேடு இன்னும் என் இழுப்பறையில்.
யானையைக் கொடுத்துவிட்டு
அங்குசத்தைப் பூட்டி வைத்த கதை.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
இருபத்திரண்டு நிமிஷம் பியானோ.
பிறகு கனிவான ஒரு பையன்:
"அந்த நாடு எங்கள் பட்டியலில் இல்லை மேடம்.
அட்டையில் ஒரு கட்டத்தை டிக் செய்து அனுப்புங்கள்,
ஃபைலை மூடிவிடலாம்."
விற்கப்பட்டது. திருடப்பட்டது. அழிக்கப்பட்டது.
மூன்று கட்டம்.
நான் அட்டையைக் காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.

மாற்று ஸ்பிரிங் நாற்பத்தொரு டாலர்.
"தபால் செலவு" என்று கணக்கெழுதினேன்.
ஏப்ரல் கூட்டத்தில் யாராவது கேட்டால் கேட்கட்டும்.

வியாழக்கிழமை யெசேனியா வந்தாள்,
சீஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து,
தூக்கத்தைக் கண்ணில் சுமந்தபடி.
போனை மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தோம்.
அங்கே முப்பத்தொன்பது டிகிரி.
கேப்டன் நில்டா ஓவேலார்,
பகலில் மருந்துக்கடை, மணி அடித்தால் தீயணைப்பு.
நான் படிக்கப் படிக்க
யெசேனியா ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்தாள்.
சுண்டுவிரல் நீள ஸ்பிரிங் வந்தது.
மறுமுனை மௌனமானது.
லைன் அறுந்ததென்று நினைத்தேன்.

பிறகு நில்டா நிறுத்தாமல் பேசினாள்.
யெசேனியா கொட்டாவியை மறந்தாள்.

"போன அக்டோபரில் மர அறுவை ஆலை எரிந்ததாம்.
டெர்லிஸ் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது.
இவர்கள் ஒரு குழாயை மூடியதும்
அவன் கையிலிருந்தது பாம்பாய் எழுந்து
அவனைச் சுவரில் அறைந்ததாம்.
காறையெலும்பு முறிந்தது.
பக்கத்தில் நின்றவருக்குப் பல் போயிற்று.
பிடி தளரவிட்டான் என்று
கூட்டம் போட்டு முடிவு செய்தார்களாம்.
அவனும் ஒப்புக்கொண்டானாம்.
அன்றிலிருந்து குழாயைத் தொட விடுவதில்லை.
வண்டி கழுவ மட்டும் வருகிறான்."

அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள் நில்டா.
படித்தேன்.
அந்தக் "கூடும்" எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படித்தேன்.
தேதி என்ன என்று கேட்டாள்.
கடிதத்தின் தேதியா, பம்ப் செய்த தேதியா என்றேன்.
இரண்டையும் எழுதிக்கொண்டாள்.
பென்சில் உரசுவது இங்கே கேட்டது.

அதற்கும் பின்னால்,
வெகுநேரமாக, நான் கவனிக்காமலே,
தகரத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

நில்டா போனை எங்கோ வைத்தாள்.
காலடி விலகிப் போனது.
அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.
தண்ணீர் நிற்கவில்லை.
மறுபடி கூப்பிட்டாள்.

அதை யெசேனியா மொழிபெயர்க்கவில்லை.