பதிமூன்று வயதும் நான்கு மாதமும்

"பன்னிரண்டு என்று சொல்,"
என்றார் சார்ஜென்ட் டகெட்,
சிவப்பு விளக்கில் நின்றபோது
என் முகம் பாராமல்.
"பன்னிரண்டில் வந்தது பிள்ளைப் பருவத்து இளைப்பு.
கணக்கில் வராது.
பதிமூன்று தாண்டினால் ஆஸ்துமா.
நாலே நாலு மாதம், மார்லிஸ்.
யார் எண்ணப்போகிறார்கள்?"
விளக்கு பச்சையானது.
எதுவும் சொல்லாதவர்போல ரேடியோவைத் திருகினார்.
மக்காச்சோளம் விலை இறங்கியிருந்தது.

ஒமாஹாவில், அரசாங்கச் செலவில் ஓட்டல் அறை.
அடுத்த கட்டிலில் ஓனா புர்டிக்.
முழங்காலில் பழைய தையலின் வெள்ளைக் கோடு.
"பூனை பிராண்டியது," என்றாள்.
ஆறு அங்குலப் பூனை.
தலையணையில் வாய் புதைத்துச் சிரித்தோம்,
நான்கு மணிக்கு எழுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தும்.

விடியுமுன்னே வரிசை.
உள்ளாடையோடு குந்தி, வாத்துபோல் நடந்தோம்.
ஓனா வலிக்காதவள்போல் நடந்தாள்.
காது கேட்கிறதா, கேட்கிறது.
நிறம் தெரிகிறதா, தெரிகிறது.
பிறகு படிவம்.
எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா,
எப்போதாவது தூக்கத்தில் நடந்ததுண்டா,
எப்போதாவது, எப்போதாவது.
இல்லை இல்லை என்று
சரிவில் இறங்கும் சைக்கிளாய்ப் போன பேனா
இருபத்து மூன்றில் நின்றது.

அது ஜனவரி.
தானியக் கிடங்கின் தூசி
அண்ணன் சட்டையில் ஏறி வீட்டுக்குள் வந்திருந்தது.
என் நெஞ்சுக்குள் யாரோ
ஈரத்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.
அம்மா இரவு ஷிப்டில்.
அப்பா நான்காவது பீரில்.
லிங்கனுக்கு நாற்பது மைல், சாலையெல்லாம் கண்ணாடிப் பனி.
ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் என் கை.
மூச்சு விடு, மூச்சு விடு என்றார்,
யாரிடம் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.
இரண்டு முறை வண்டி சாலையை விட்டு இறங்கியது.
இரண்டாம் முறை வேலி பிடித்துக்கொண்டது.
ஆஸ்பத்திரியில் எனக்கு முகமூடி மாட்டினார்கள்.
திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன்:
நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து
தன் கைகளையே மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் அவர் தொடவில்லை.
ஜனவரிதோறும், சர்ச்சின் நிலவறையில்,
மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே
ஒரு பித்தளைக் காசு கொடுப்பார்கள்.
இதுவரை ஆறு.
சாவிக் கிண்ணத்தில் கிடக்கின்றன.
யாரும் சில்லறைக்கென்று அதில் கைவிடமாட்டோம்.

நான் பன்னிரண்டு என்று எழுதினால்
அந்தப் பனி பெய்யவில்லை.
அந்த வேலி அங்கே இல்லை.
பிறகு இவர் எந்த இரவில் நிறுத்தினார்?

ஆம் என்று குறித்தேன்.
வயதை ஓரத்தில் வளைத்து எழுதினேன்,
இடம் போதவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"இதை மறைக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா?"
சார்ஜென்டுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள்.
காரின் பின்சீட்டில் இரண்டு சின்னக் காலணிகள் கிடந்தன,
இரண்டும் இடது கால்.
"இல்லை," என்றேன்.
அந்த ஒன்றை மட்டும்.

மத்தியானம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்
வலக்கை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள்.
ஓனா மூன்றாவது ஆள்.
உடம்பின் பாரமெல்லாம் ஒரே காலில்.
எனக்கு ஒரு காகிதம் தந்தார்கள்:
விலக்குக் கோரலாம், மாதங்கள் ஆகலாம்,
கிடைக்காமலும் போகலாம்.
திரும்பும் வழியில் சார்ஜென்ட் ரேடியோ போடவில்லை.
எனக்கொரு பர்கர் வாங்கித் தந்தார்.
தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

அப்பா டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார்.
பூட்ஸ் மட்டும் கேட்டது: "என்ன ஆயிற்று?"
"அந்த ராத்திரியைச் சொல்லிவிட்டேன்."
ஸ்பேனர் சத்தம் நின்றது.
"பீரையுமா?"
"அதை அவர்கள் கேட்கவில்லை, அப்பா."
வெகுநேரம் கழித்து
எண்ணெய்க் கை ஒன்று வெளியே நீண்டது.
பதினான்காம் நம்பர் ஸ்பேனரை எடுத்து
அதில் வைத்தேன்.