எண்பத்திரண்டு

மன்னார்குடி அரசு மருத்துவமனை, பதினாலாம் அறை.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
படிவத்தின் ஓரம் எழுந்து எழுந்து படுக்கிறது.
பொதுப்பணித்துறை லஸ்கர் வைரக்கண்ணு,
வயது ஐம்பத்தேழு, வலது தோள்.

தலை சீவ முடிகிறதா?
சீவ என்னம்மா இருக்கு,
தடவிக் காட்டுகிறார், இடது கையால்.
முதுகுக்குச் சோப்பு?
ஆத்துலதானே குளிக்கிறேன், படிக்கல்லுல தேச்சுக்குவேன்.
தலைக்கு மேலுள்ள அலமாரித் தட்டில்
ஒரு கிலோ டப்பாவை வைக்க?
வாடகை வீடும்மா. தட்டே கிடையாது.

சரி, கையைப் பக்கவாட்டில் தூக்குங்கள்.
கோணமானியின் ஒரு காலை விலாவோரம் நிறுத்தி
மறுகாலை மேற்கையோடு கொண்டுபோகிறேன்.
நூற்றுப்பத்து.
ஆனால் உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது,
தோள் காதைத் தொடப் பார்க்கிறது.
தோள்பட்டை எலும்பை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு
இப்போது தூக்குங்கள் என்றேன்.
எண்பத்திரண்டு.
புடிச்சிட்டீங்களே, என்று சிரித்தார்.

பாமணியாற்று ரெகுலேட்டரில்
முப்பது வருஷம் அளவுகோல் பார்த்து
நோட்டில் எழுதியவருக்கு இந்த வித்தை தெரியாதா.
மூணடி இருக்கணும்னு மேலேருந்து சொன்னா
மூணடின்னு எழுதிருவோம்.
தண்ணி ரெண்டே காலுலதான் நிக்கும்.
எழுதுனது ஆபீசுக்குப் போவும்,
தண்ணி வயலுக்குப் போவும்.

வலி எத்தனை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?
எப்ப?
இப்போது.
இப்ப ஷட்டரு மூடிக் கெடக்கு. ஒண்ணு போடுங்க.
திறந்தால்?
ஒரு ஷட்டருக்கு நூத்திநாப்பது சுத்து.
மொத்தம் ஆறு...
விரல் மடக்கத் தொடங்கியவர்
மூன்றிலேயே விட்டுவிட்டார்.
பன்னெண்டாந்தேதி மேட்டூர் தெறக்குறாங்களாம்.
தகுதியில்லன்னா திருவாரூர் ஆபீஸ் கேட்டுல
ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருவாங்க.
அங்க ஆறு தெரியாதும்மா.

ஒரே ஒரு கட்டம்.
இரண்டையும் நெருக்கி எழுதினேன்.
அமுக்கிப் பிடித்தால் எண்பத்திரண்டு,
பிடிக்காவிட்டால் நூற்றுப்பத்து.
அதற்கடியில், பொடியெழுத்தில்:
ஷட்டர் திறக்கும்போது யாரும் அமுக்கிப் பிடிப்பதில்லை.
பெரிய டாக்டர் அடித்துவிடுவார்.
அடிக்கட்டும்.

வலியுள்ள கையை முதலில் நுழைத்து
நல்ல கையைப் பிறகு நுழைத்து
சட்டை போட்டுக்கொள்கிறார்.
அடுத்த வாரம் சொல்லித்தருவதாக இருந்தேன் அதை.
கழுத்துப் பித்தானுக்கு வந்ததும்
சுவரிலிருக்கும் எலும்புப் படத்தை
ரொம்ப நேரம் பார்க்கிறார்.
நானும் பார்க்கிறேன்,
அவர் போடாமலே விட்டுவிடும்வரை.