தைலக் கணக்கு

ஹார்க்ளிஃப் ரோவர்ஸ் பேரேட்டில்
என் கையெழுத்தில் இருக்கிறார் ஒபதியா க்ராப்ட்ரீ:
கற்பூரத் தைலம், இரண்டு ஷில்லிங்.
கடற்பஞ்சு, ஒன்பது பென்ஸ்.
பயிற்சியாளர் வாரக்கூலி, முப்பது.

பந்தயப் பணத்துக்கு ஓடிய கால்கள்.
நாற்பதில் மூச்சு முரண்டு பிடிக்க
வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.
செவ்வாய் எட்டு மைல் நடை,
வியாழன் கயிறு தாண்டல்,
சனி வரை பந்து பூட்டிய பெட்டியில்.
"பட்டினி போட்டால்தான் பசிக்கும்" என்பார்.
பசித்தவர்கள் முதல் பாதி முழுக்கப்
பந்தைத் தேடித் தடுமாறினார்கள் என்பது வேறு கதை.

கண்ணை மூடி முழங்காலைத் தொட்டே ஆளைச் சொல்வார்.
இவன் மண்டியிட்டது நிலக்கரியில்,
இவன் ஜெபத்தில்.
இது இடதுகோடி லெம் வார்ட்ல்,
உள்ளே ஏதோ
கடுகு போல் உருள்கிறது.

பழைய செயலாளர் நுழைவுச்சீட்டுப் பணத்தோடு
கனடாவுக்குக் கப்பலேறியதும்
க்ராப்ட்ரீ கழுத்தில் கஞ்சி போட்ட காலரை மாட்டி
மேலாளர் என்றார்கள்.
பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க
முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.
தைல வாசனை மட்டும் போகவில்லை.
கூரைக் கடன் கேட்டு வந்த வங்கிக்காரர்
எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

அந்த வாரமே மார்ஸ்டேல்காரர்கள் வந்தார்கள்.
லெம்முக்கு முந்நூற்றைம்பது பவுன்.
"கால் எப்படி?"
க்ராப்ட்ரீ தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.
"ஓடுகிற கால்" என்றார்.
பொய்யில்லை.
பேனாவை மையில் தோய்த்தேன்.
சாட்சி: நான்.

நவம்பர்ச் சகதியில், யாரும் இடிக்காமலே,
லெம் உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும்
மூன்றாம் வகுப்பில் மார்ஸ்டேல் போனார் மேலாளர்,
கோட்டுப் பையில் புட்டி.
மூன்று வாரம் கதவு திறக்கவில்லை.
நான்காம் வாரம் திறந்த லெம்
நாற்காலிமேல் காலைப் போட்டுவிட்டுச்
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.
இருவரும் பேசவில்லை.
உருண்டது மட்டும் உருண்டது.

மாதம் ஒரு புட்டி ஏன் கூடுகிறது
என்று இயக்குநர்கள் கேட்டார்கள்.
இதரச் செலவு என்றேன்.
ஏப்ரலில் அவரை நீக்கினார்கள்,
காரணம் தைலமல்ல, பதினொரு தோல்விகள்.
காலரை என் மேசைமேல் வைத்துவிட்டு
வாளி எங்கே என்று கேட்டார்.
அது கிளப்பின் சொத்து.
கொடுத்தேன். பேரேட்டில் ஏற்றவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்:
அந்தப் பணத்தில் போட்ட கூரை
இன்றுவரை ஒழுகவில்லை.