கதவுக்கு முட்டு

தீ என்று சொன்னால் நாக்கு வெந்துவிடாது.
எந்தத் தீ என்று தெரியாதவன்
கைதான் வேகும்.
இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்.

கில்லிபெக்ஸ் துறைமுகம். பிப்ரவரி.
அயர்லாந்தின் இந்த மூலையில்
மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கத்திலிருந்து வருகிறது.
வேனுக்குள் சிவப்பு உருளைகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகின்றன,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி.

காலையில் தேவாலயக் கூடம்.
மரநாற்காலி, திரைச்சீலை, பழைய பாட்டுப் புத்தகங்கள்.
இதெல்லாம் ஏ.
சாம்பலுக்கடியில் கண்மூடிப் படுத்திருக்கும் தீ,
உள்ளே இறங்கி நனைக்க வேண்டும்.
தண்ணீர் போதும்.
நோரீன் உருளையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.
பாதுகாப்பு ஊசியையும் பிடுங்கி எங்கோ போட்டிருந்தாள்.
"அசிங்கமாகத் தொங்கியது, டெர்வ்லா."

அப்புறம் பேடரின் படகு.
எஞ்சின் அறையில் டீசல், பி.
தண்ணீர் ஊற்றினால் அதன் முதுகிலேறி
ஊர் சுற்றிவிட்டு வரும்.
நுரையால் போர்த்து, மூச்சு விடாதபடி.

கேரவன் பூங்காவில் எரிவாயு, சி.
அங்கே அவசரப்பட்டு அணைக்கிறவன் முட்டாள்.
முதலில் வால்வை மூடு.
மூட முடியவில்லையா, எரியட்டும், நீ ஓடு.
சுடரைவிடக் கொடியது
சுடரில்லாமல் கசிவது.

மேக்னீசியம் சீவுகிற பட்டறையில் டி.
அந்த வெள்ளைத் தீ தண்ணீரைக் குடிக்காது, பிளக்கும்.
அதற்கென்று தனித் தூள், நீளக் குழல்.
மெதுவாக இறக்க வேண்டும்,
தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவதுபோல.

டிக்கு அப்புறம் எஃப். நடுவில் ஈ இல்லை.
மின்சாரத்துக்கு இங்கே எழுத்தே கொடுக்கவில்லை.
அது எரிவதில்லை, எரிய வைக்கும்.
ஸ்விட்சை அணைத்தால் போய்விடும்,
பழியை மரத்தின்மேல் போட்டுவிட்டு.

இப்போது லோர்க்கனின் கடை.
மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடை.
பொரித்த கடை.

எஃப் என்பது அடுப்பங்கரை எண்ணெய்.
மஞ்சள் பட்டை போட்ட உருளை அதற்கு.
உள்ளிருக்கும் கரைசல் மழைச் சாரலாய் விழுந்தால்
எண்ணெயின் மேற்பரப்பு சோப்பாகிவிடும்.
நெருப்பைச் சோப்பாக்குவது!
பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறேன்,
இன்னும் எனக்கே சிரிப்பு வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு எண்ணெய்த் தொட்டி பற்றியபோது
லோர்க்கன் கைக்கு எட்டியது கறுப்புப் பட்டை,
கல்லாவின் கணினிக்காக நான் மாட்டியது.
அதற்கு முள் கிடையாது,
நிறுத்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.
கரியமில வாயு சீறியது. சுடர் குனிந்தது,
வணக்கம் சொல்வதுபோல.
எண்ணெய் ஆறவில்லையே. நிமிர்ந்தது.
தெறித்தது அவன் மணிக்கட்டில் ஏறியது.

மஞ்சள் பட்டை எங்கே?
பின்கதவுக்கு முட்டாக நின்றிருந்தது,
கதவு சாத்திக்கொள்ளாமல்,
கடல்காற்று தாராளமாக உள்ளே வந்து
நெருப்பை ஊதிக் கொடுக்கும்படி.

போன பிப்ரவரியிலும் அங்கேதான் நின்றது.
பார்த்தேன்.
குனிந்து முள்ளையும் பார்த்தேன், பச்சை.
ஊசி இருந்தது. முத்திரை இருந்தது.
"இடம்" என்கிற கட்டத்திலும் டிக் போட்டேன்.
வெளியே மழை. லோர்க்கன் காகிதப் பொட்டலம் நீட்டினான்,
வினிகர் வாசனை, விரல் பொறுக்காத சூடு.
நன்றாகத்தான் இருந்தது.

இன்று அதைக் கரிந்த வாசற்படியிலிருந்து எடுத்துத்
தராசில் வைக்கிறேன்.
அனல் பட்டது, இனி குப்பைக்குத்தான்.
ஆனாலும் எடை எழுத வேண்டும்.
லோர்க்கன் இடக்கையால் கையெழுத்துப் போடுகிறான்.
என் பதிவேட்டின் பழைய பக்கத்தை
அவன் புரட்டவில்லை.
நான் புரட்டினேன்.

ஆறு லிட்டர்.
ஒரு சொட்டுக் குறையவில்லை.