மூன்றாம் கட்டில்

விருந்து என்றால் முதலில் நகர்வது தறிதான்.
தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றதை
மானியா ஒரு முனை, நான் ஒரு முனை
மாடிக்குத் தூக்கினோம்.
பாவின் நுனியில் மண்குண்டுகள்
முட்டிக்கொண்டே ஏறின,
காய்ந்த அவரைக்கொட்டைப் பானையை
உலுக்கிய மாதிரி.

ஒலிந்தோஸில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒரே அச்சு.
பெண்கள் பகுதி என்று ஸோயிலோஸ் சொல்வது
எந்த அறையை என்று
பதினேழு வருடமாய் எனக்குத் தெரியாது.
மாரியில் அடுப்படி. வெயிலில் தாழ்வாரம்.
ஆண்கள் வந்தால் மாடி.
தறி போகுமிடம் நாங்கள்.

கூழாங்கல் பதித்த தரை அவர்களுக்கு.
கட்டில் ஏழு.
பலகை இடுக்கில் குரல் மட்டும் மேலேறி வரும்.
ஒரு முகமும் கண்டதில்லை,
இருமல்களைத் தெரியும்:
மீன் விலையே பேசுகிறவர்,
பாட்டைப் பாதியில் மறக்கிறவர்,
குடிக்கக் குடிக்கக் குரல் தணிகிற ஒருவர்.

நேற்று அந்தத் தணிந்த குரல்
சீதனம் பேசியது.
முப்பது மினா வெள்ளி என்றார் என் கணவர்.
குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.
என் கையில் ஊடை நின்றுவிட்டது.
பக்கத்தில் மெலித்தா
கம்பளிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.
பதினாலு முடியவில்லை.
"யாரம்மா அது?"
குரல் வந்த மூலையை எண்ணிப் பார்த்து
"மூன்றாம் கட்டில்" என்றேன்.
வேறென்ன சொல்ல?

விடிந்ததும் அந்த அறை எங்களுடையது,
துடைத்து முடிக்கும்வரை.
முதல் கட்டிலடியில் விலாங்கு முள்.
இரண்டாவதில் வாந்தி;
மானியா வாளி எடுக்கப் போனாள்.
மூன்றாவதில் நான் மண்டியிட்டுத் தேடினேன்
வரப்போகும் மருமகனை,
துடைப்பத்தோடு.

எண்ணெய்க் கையைத் துடைத்த ரொட்டிச் சதையை
எல்லோரும் நாய்க்கு எறிவார்கள்.
இவர் எறியவில்லை.
பிசைந்து பிசைந்து
ஒரு கழுதை செய்திருந்தார்.
காது இரண்டும் விறைத்து நின்றன.
முதுகில் நகத்தால் கீறிய சேணம்.
கால்கள் இல்லை.
செய்ய நேரமில்லையா,
செய்துவிட்டுப் பிய்த்தாரா
என்று கட்டிலடியை மறுபடி பார்த்தேன்.

மெலித்தா அதை வாங்கிக்கொண்டுபோய்
தாழ்வாரத்துக் கல்லில், வெயில் படும் இடத்தில்
காய வைத்தாள்.
திரும்பி வந்து மூன்றாம் கட்டிலில் ஏறி
இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து பார்த்தாள்,
இங்கிருந்து என்ன தெரியுமென்று.
"கதவு தெரிகிறது" என்றாள்.
"மாடிப்படி தெரியவில்லையம்மா."

இறங்கு, கறை ஒட்டும் என்றேன்.
தறியை இன்னும் கீழே கொண்டுவரவில்லை.
மானியாவையும் காணோம், வாளியையும் காணோம்.