பின்னம்

பொகவந்தலாவை, கீழ்ப்பிரிவு அம்மன் கோயில்.
வடக்குச் சுவருக்குக் கொந்தரப்பில் வந்தவன் நான்.
இரண்டு வாளி சுண்ணாம்பு, எட்டு டப்பா எனாமல்,
சட்டைப்பையில் நாலாய் மடித்த அச்சுப்படம்:
அஜந்தாக் குகையில் தாமரையோடு நிற்பவர்.

அந்த இடுப்பின் ஒசிவை அம்மனுக்கு எடுத்துக்கொண்டேன்.
தாழ்ந்த இமைகளையும்.
கேட்டு எடுக்கவில்லை.
யாரைக் கேட்பது,
அத்தனை நூற்றாண்டு இருட்டில்?

கையில் வந்து தூரிகை நின்றது.
கொஞ்சம் குகையில் உதிர்ந்திருந்தது,
கொஞ்சம் என் மடிப்பில் தேய்ந்திருந்தது,
விரல்கள் எதில் போயினவோ.
"பின்னமானதைக் கும்பிடக் கூடாது தம்பி"
என்றார் பொருளாளர் அங்கமுத்து,
குடையை மடக்காமலே.

மூன்று நாள் மணிக்கட்டோடு நின்றாள் அம்மன்.

நாலாம் நாள் மழை.
அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கிய பேச்சாயி
தகரத்துக்குக் கீழே ஒதுங்கினாள்.
"சுண்ணாம்பு கொஞ்சம் குடு."
வாளியில் விரல் தொட்டு
கணுக்காலில் வைத்தாள்.
சுருண்ட அட்டையை
இரண்டு விரலால் எடுத்து
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்,
மற்ற மூன்று விரலும் தாமாக விரிய.
இமை தாழ்ந்திருந்தது.
கோபம் இல்லை.

வெளியே எறிந்துவிட்டுப் போனாள்.
நான் ஈரம் காயுமுன் வரைந்தேன்.
அட்டை இருந்த இடத்தில் தாமரைத் தண்டு.

கும்பாபிஷேகத்தன்று அங்கமுத்து கேட்டார்:
"குகையில் உள்ளபடியே தானே?"
"அப்படியே" என்றேன்.

கூட்டத்தில் பேச்சாயி
சுவரை நெடுநேரம் பார்த்தாள்,
பிறகு குனிந்து
கணுக்காலைச் சொறிந்துகொண்டாள்.